விற்ற பிறகும் விடாத பெட்டி

அமெரிக்கக் கார் டீலர் கடைகளில் விலை பேசுவது ஓரிடம், கையெழுத்து வாங்குவது இன்னோரிடம். கையெழுத்து அறைக்கு 'எஃப் அண்ட் ஐ' என்று பெயர். கடனும் காப்பீடும் பார்க்கிற அறை. அரை நாள் பேரம் பேசிக் களைத்துப்போனவர் அங்கே வந்து உட்கார்ந்ததும் தாள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். கூடுதல் வாரண்டி, பெயின்ட் பாதுகாப்பு, டயருக்கு நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறிப்பது என்று நீளும் பட்டியலில் 'திருட்டு மீட்பு' என்றோ 'ஜி.பி.எஸ். பாதுகாப்பு' என்றோ ஒரு வரி இருக்கும். எதிரே சில நூறு டாலர். சில கடைகளில் ஆயிரத்தைத் தாண்டும். இது எனக்கு வேண்டாம் என்று சொல்பவருக்குப் பல நேரம் கிடைக்கும் பதில், அது ஏற்கெனவே வண்டியில் மாட்டியாகிவிட்டது என்பதுதான்.

மாட்டியபோது அந்த வண்டி டீலருடையது. தன் சொத்தில் அவர் எதை மாட்டினாலும் யாரும் கேட்க முடியாது. இந்த ஒரு நியாயத்தின் மேல்தான் மொத்த வியாபாரமும் நிற்கிறது. வண்டி கை மாறும்போது அதற்குள் இருக்கும் பெட்டி யாருக்குச் சேரும், அது அனுப்புகிற தகவலை யார் பார்க்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்குமான ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. டீலர் வைக்கும் கண்காணிப்புக் கருவி பற்றிய சச்சரவுகளை அலசிப் பார்த்தால் பெரும்பாலானவை இந்த ஓட்டையில் போய்த்தான் முடிகின்றன. தனியுரிமை பற்றிப் பெரிதாகப் பேசுகிறவர்கள் செயற்கைக்கோளையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்படுவது விற்பனை ரசீதைப் பற்றி.

டேஷ்போர்டுக்குள் கை விட்டால் கிடைக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. வண்டிகள் நிற்கும் யார்டைக் காக்க மாட்டியவை உண்டு. கடனை வசூலிக்க மாட்டியவை உண்டு. தொழிற்சாலையிலிருந்தே வண்டியோடு பிறந்து வருபவையும் உண்டு. வெளித்தோற்றத்தில் முதல் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நோக்கத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

யார்டு விவகாரத்தில் டீலர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு நடுத்தரக் கடையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் வெட்டவெளியில் நிற்கும். அவற்றில் பெரும்பகுதி டீலரின் சொந்தப் பணத்தில் வாங்கியவை அல்ல. 'ஃப்ளோர் பிளான்' என்ற சுழற்கடனில் வாங்கியவை. ஒரு வண்டி காணாமல் போனால் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி வாங்கிப் போனவர் திரும்பாமல் போவதும் நடக்கிறது. எனவே வண்டி யார்டுக்குள் நுழைந்ததுமே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். எந்த வண்டி எந்த மூலையில் நிற்கிறது, எதன் பேட்டரி இறங்கியிருக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அதற்கு அடுத்த படியில் வருகிறது. தன் சரக்கைக் காக்க டீலர் செய்த செலவை, வாங்குபவர் தலையில் 'உங்கள் பாதுகாப்புக்கு' என்று கட்டுவதுதான் அந்தப் படி. கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களே இதை டீலர்களுக்கு ஒரு வருமான வழியாகச் சொல்லித்தான் விற்கின்றன: யார்டில் காவல், விற்கும்போது லாபம். வாங்குபவர் ஒப்புக்கொண்டால் அவருடைய போனில் ஒரு செயலி ஏறும். ஒப்புக்கொள்ளாவிட்டால்? கழற்றுவதற்கு ஓர் ஆள் டேஷ்போர்டைப் பிரித்து வேலை செய்ய வேண்டும், கூலி ஆகும். அதனால் பல கடைகளில் பெட்டி அப்படியே விடப்படுகிறது. 'அணைத்துவிட்டோம்' என்பார்கள். அணைப்பது எங்கோ இருக்கும் சர்வரில். மின்சாரம் குடித்துக்கொண்டு வண்டிக்குள் கிடக்கும் கருவி உண்மையில் வாய் மூடியிருக்கிறதா என்று பார்க்க வாங்கியவருக்கு வழியில்லை.

ஒளித்து வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அறிமுகமான லோஜாக் வரை போக வேண்டும். மெட்ஃபீல்டு என்ற சிற்றூரில் காவல்துறை ஆணையராக இருந்த வில்லியம் ரீகன் தொடங்கிய நிறுவனம் அது. வண்டிக்குள் ஒரு சிறு வானொலிக் கருவி இருக்கும். எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரருக்கே சொல்ல மாட்டார்கள். காரணம் நேர்மையானது: அவருக்குத் தெரிந்தால் திருடனுக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கருவி சாதாரண நாட்களில் தன் இருப்பிடத்தை யாருக்கும் சொல்லாது. வண்டி திருடுபோனதாகக் காவல்துறையில் புகார் பதிவான பின், அந்த வண்டிக்குரிய குறியீடு ஒலிபரப்பப்பட்டால்தான் விழித்துக்கொண்டு 173.075 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும். காவல் வாகனங்களில் உள்ள ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டு தேடிப் போகும். நேற்று நீங்கள் எங்கே போனீர்கள் என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

பிறகு ஜி.பி.எஸ். சில்லும் செல்போன் மோடமும் மலிந்தன. லோஜாக் நிறுவனத்தை 2016-இல் கால்ஆம்ப் வாங்கியது. அதன் அமெரிக்கத் திருட்டு மீட்புப் பிரிவு 2021-இல் ஸ்பைரியான் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று டீலர் கடைகளில் அதே பெயரில் விற்பது ஜி.பி.எஸ். கருவி. அது வண்டி புறப்படும்போது பேசும், நிற்கும்போது பேசும், இடையிலும் பேசும், பேசியதெல்லாம் சேமிக்கப்படும். ஒளிந்திருப்பது என்ற பழைய பாதி அப்படியே தொடர்கிறது. தேவைப்படும்வரை ஊமையாக இருப்பது என்ற மறுபாதி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த மாற்றத்தை எந்த விற்பனையாளரும் வாடிக்கையாளரிடம் விளக்குவதில்லை. பெயரின் பழைய நற்பெயரில் புதிய சரக்கு ஓடுகிறது.

கடன் வசூல் பெட்டியின் கதை இன்னும் கரடுமுரடானது.

அமெரிக்காவில் கிரெடிட் ஸ்கோர் இல்லாதவருக்கும் அடிபட்டவருக்கும் வங்கி கார் கடன் தராது, தந்தாலும் வட்டி தாங்காது. சென்னையிலிருந்து நல்ல சம்பளத்துக்குப் போய் இறங்கும் இளைஞருக்குக்கூட முதல் சில மாதங்கள் இதே நிலைதான்; ஆனால் அவர் ஓராண்டில் தப்பித்துவிடுவார். தப்ப முடியாதவர்களுக்காக இருப்பவை 'பை ஹியர், பே ஹியர்' கடைகள். வண்டியும் அங்கேயே, கடனும் அங்கேயே, வாரத் தவணையை நேரில் வந்து கட்டுவதும் அங்கேயே. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2011-இல் இந்தத் தொழிலைப் பற்றி வெளியிட்ட தொடர் கட்டுரை, இதன் கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டியது. வண்டியை விற்பது, தவணை தவறினால் தூக்குவது, அதே வண்டியை அடுத்தவருக்கு விற்பது. கான்சஸ் சிட்டியில் ஒரே கியா கார் மூன்று ஆண்டுகளில் எட்டு முறை விற்கப்பட்டதை அந்த நாளிதழ் தேடிப் பிடித்திருந்தது. இந்தச் சுழற்சியில் கடைக்காரருக்கு ஆகும் பெரிய செலவு, தவணை கட்டாதவரின் வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது. ஜி.பி.எஸ். பெட்டி அந்தச் செலவைத் துடைத்துப் போட்டுவிடுகிறது.

இடத்தைச் சொல்வதோடு பெட்டி நிற்பதில்லை. பலவற்றில் செல்ஃப் எடுக்கவிடாமல் தடுக்கும் ரிலேயும் உண்டு. இக்னிஷன் சுவிட்சிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரை வெட்டி, இரு முனைகளையும் இந்த ரிலேயில் சேர்த்திருப்பார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் ரிலே திறந்துகொள்ளும். அடுத்த முறை சாவி திருகினால் 'டிக்' சத்தம்கூட வராது. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினை இது நிறுத்தாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஒயரிங் படி பார்த்தால் அது சரிதான். சிக்னலில் என்ஜின் அணைந்துபோனால் மறுபடி கிளம்ப முடியாது என்பதும் அதே ஒயரிங் படி சரிதான். தவணை நாள் நெருங்கினால் பீப் ஒலி எழுப்புகிற மாதிரிகளும் உண்டு. வண்டியில் உடன் வரும் பிள்ளைகளுக்கும் சக ஊழியருக்கும் அந்த ஒலி கேட்கும். கேட்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

இதன் முன்னோடி ஜி.பி.எஸ். காலத்துக்கும் முந்தையது. டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து பெரிய கார் வியாபாரியாக மாறிய மெல் ஃபார், 1990-களின் இறுதியில் கிரெடிட் குறைந்தவர்களுக்கு விற்ற வண்டிகளில் 'ஆன் டைம்' என்ற பூட்டைப் பொருத்தினார். தவணை கட்டினால் ஓர் எண் கிடைக்கும். அதை விசைப்பலகையில் தட்டினால் அடுத்த தவணை நாள் வரை வண்டி ஓடும். வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். இதே எண் முறை 2005-இல் ஆர்கன்சாஸ் திவால் நீதிமன்றத்துக்கும் போனது. திவால் மனு தாக்கல் செய்துவிட்டால் கடன்காரர்கள் அந்தக் கணமே கை எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மனு போட்ட ஒருவருக்கு டீலர் சரியான எண்ணைக் கொடுக்காததே சட்டமீறல் என்று நீதிமன்றம் சொன்னது. டீலர் எதையும் செய்யவில்லை, சும்மாதான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவர் செயல்பட்டால்தான் வண்டி ஓடும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, சும்மா இருப்பது சும்மா இருப்பது ஆகாது. பெட்டிகளைப் பற்றிய தீர்ப்புகளில் விஷயத்தின் வேரைத் தொட்டது இதுதான் என்பது என் கணிப்பு.

நியூயார்க் டைம்ஸ் 2014 செப்டம்பரில் வெளியிட்ட செய்தியில், அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் வண்டிகளில் இந்தப் பூட்டு இருப்பதாகவும், கிரெடிட் குறைந்தவர்களுக்கான கார் கடன்களில் ஏறத்தாழ கால் பங்கு இதோடுதான் வருவதாகவும் எழுதியது. தவணை தவறிச் சில நாட்களிலேயே வண்டி கிளம்பாமல் போனவர்கள், நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தவித்தவர்கள் என்று சம்பவங்கள் வரிசையாக வந்தன. கடன் கொடுப்பவர்கள் தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி இல்லையென்றால் இவர்களுக்குக் கடனே கிடைக்காது, கார் இல்லாமல் வேலைக்கும் போக முடியாது என்கிறார்கள். பொதுப் போக்குவரத்து ஏதுமில்லாத அமெரிக்க ஊர்களை நினைத்தால் இதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆனால் பெட்டி கடன்காரரின் இழப்பைக் குறைக்கிறது என்றால் வட்டியும் அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும். பெட்டியும் மாட்டி, வட்டியும் அதே உச்சத்தில் வாங்கினால் வாதத்தில் பாதி கழன்றுவிடுகிறது.

சட்டம் இதற்கு எப்படி இடம் கொடுத்தது? அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டிருக்கும் சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் 9-ஆம் பகுதி, கடன் தவறினால் அடமானப் பொருளை நீதிமன்றம் போகாமலேயே எடுத்துக்கொள்ளலாம், அமைதி கெடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை என்கிறது. எடுத்துச் செல்லாமல், இருக்கும் இடத்திலேயே 'உபகரணத்தை' இயங்காமல் செய்யவும் அனுமதி தருகிறது. இங்கேதான் நுணுக்கம். அந்தச் சட்டத்தில் உபகரணம் என்பது தொழிலுக்கான பொருள். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியது 'நுகர்வோர் பொருள்' என்ற தனி வகை. வாடகைக்கு ஓடும் லாரியை முடக்கலாம் என்பதற்கு எழுத்து இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் காரை முடக்கலாம் என்பதற்கு எழுத்து இல்லை. அந்த இடத்தை ஒப்பந்தத்தில் வாங்கும் கையெழுத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். மீண்டும் அந்த எஃப் அண்ட் ஐ அறை.

கையெழுத்துப் பெற்ற பிறகாவது ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறார்களா என்றால், 2023 ஆகஸ்டில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை ஜார்ஜியாவில் தொடுத்த வழக்கைப் படிக்க வேண்டும். யு.எஸ். ஆட்டோ சேல்ஸ் கடைகளின் கடன்களை நிர்வகித்த நிறுவனத்தின் மீதான வழக்கு அது. தவணை தவறாதவர்கள், தேதி மாற்றிக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் போன்றோரின் வண்டிகளைக் குறைந்தது 7,500 முறை தவறாக முடக்கியதாகவும், 71,000-க்கும் மேற்பட்ட முறை தவறாக எச்சரிக்கை ஒலி எழுப்பியதாகவும் முகமை குற்றம் சாட்டியது. ஆள் அனுப்பி வண்டியைத் தூக்குவதென்றால் ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவே ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வைக்கும். பொத்தானுக்குச் செலவில்லை. தவறுகள் ஆயிரக்கணக்கில் பெருகுவது அதனால்தான். இந்த முகமையின் கைகள் 2025-க்குப் பிறகு வெகுவாகக் கட்டப்பட்டுவிட்டன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 2010-இல் நடந்தது இது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஓர் இளம் ஊழியர், சக ஊழியரின் பாஸ்வேர்டை வைத்து டீலரின் முடக்கு மென்பொருளுக்குள் வீட்டிலிருந்தபடியே நுழைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கார்கள் காலையில் கிளம்பவில்லை. சிலவற்றின் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. வேலைக்குப் போக முடியாதவர்கள் இழுவை வண்டிக்குப் பணம் கொடுத்தார்கள். இயந்திரக் கோளாறு என்றுதான் கடையில் முதலில் நினைத்தார்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றிய பிறகே நின்றது. போலீஸ் இணைய முகவரியைப் பின்தொடர்ந்து ஆளைப் பிடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் தவணையை ஒழுங்காகக் கட்டியவர்களும் இருந்தார்கள்.

அது ஒரு கடை. பெட்டிகளின் தகவல் சேர்கிற மைய சர்வர்கள் ஓட்டையானால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் குவிந்துவிட்டன. எஸ்.வி.ஆர். டிராக்கிங் என்ற நிறுவனத்தின் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்கு விவரங்கள், அமேசான் சேமிப்பகம் ஒன்றில் பூட்டில்லாமல் திறந்து கிடந்ததை 2017 செப்டம்பரில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சல், பாஸ்வேர்டின் மறையாக்க வடிவம், வண்டியின் அடையாள எண், எந்த டீலர் என்ற விவரம் எல்லாம் இருந்தன. அவற்றோடு, கருவி வண்டியில் எந்த இடத்தில் ஒளிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் இருந்தது. வண்டியின் சொந்தக்காரருக்கே சொல்லாமல் காத்த ரகசியம் இணையத்தில் யாரும் எடுத்துப் படிக்கக் கிடந்தது.

சாம் கறி என்ற பாதுகாப்பு ஆய்வாளரும் நண்பர்களும் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதைவிடப் பெரியது. ஸ்பைரியானின் நிர்வாகத் தளத்துக்குள், உள்நுழைவுப் பெட்டியில் ஒரு பழைய தந்திரத்தைப் போட்டே புகுந்துவிட முடிந்தது. உள்ளே போனால் சுமார் 1 கோடியே 55 லட்சம் வண்டிகள். அவற்றின் இருப்பிடத்தைப் பார்க்கலாம். சிலவற்றுக்குச் செல்ஃபை முடக்கும் கட்டளையும் அனுப்பலாம். போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆய்வாளர்கள் நல்லவர்கள், சொல்லிவிட்டார்கள், ஓட்டையும் அடைக்கப்பட்டது. இந்த வகை ஆபத்து அமெரிக்காவோடு நிற்பதல்ல. 2019-இல் ஒரு ஹேக்கர் ஐட்ராக், புரோட்ராக் என்ற இரு செயலிகளில் '123456' என்ற தொடக்க பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குள் நுழைந்தார். அவர் கண்காணிக்க முடிந்த வண்டிகளில் இந்திய வண்டிகளும் இருந்தன.

காவல்துறை இப்படிக் கருவி வைத்தால் அமெரிக்க நீதிமன்றம் சும்மா விடாது. வாஷிங்டனில் ஒரு போதைப்பொருள் வழக்கில் சந்தேக நபர் ஓட்டிய ஜீப்பில் போலீஸ் ஜி.பி.எஸ். கருவியை ஒட்டியது. நீதிமன்ற ஆணை கொடுத்த கெடு 10 நாள். ஒட்டியது 11-ஆம் நாள், அதுவும் ஆணை செல்லுபடியாகாத மேரிலாந்தில். 28 நாள் கண்காணிப்பில் இரண்டாயிரம் பக்கத்துக்கும் மேல் தகவல் சேர்ந்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இது அரசியல் சட்டம் தடுக்கும் சோதனைதான் என்றார்கள். 28 நாள் கண்காணித்ததற்கு இவ்வளவு. டீலர் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம், ஏனென்றால் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், வியாபாரியை அல்ல.

வியாபாரியைக் கட்டுப்படுத்த வேண்டியவை மாநிலச் சட்டங்கள். அனுமதியின்றி அடுத்தவர் வண்டியில் கண்காணிப்புக் கருவி வைப்பது டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குற்றம். ஆனால் டெக்சாஸ் சட்டத்தின் சொற்களைப் பாருங்கள்: 'பிறருக்குச் சொந்தமான' வண்டியில் 'பொருத்துவது' குற்றம். டீலர் பொருத்தியபோது வண்டி பிறருடையதாக இல்லை. விற்ற பிறகு அவர் எதையும் பொருத்தவில்லை, எடுக்காமல் விட்டார், அவ்வளவுதான். மனைவி காரில் கணவன் ஒளித்து வைப்பதை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கவில்லை.

இதில் ஓரளவு யோசித்திருப்பது கலிபோர்னியா. பை ஹியர், பே ஹியர் கடைகள் கருவி வைத்தால் எழுத்தில் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 2015-இல் வந்த திருத்தப்படி, செல்ஃபை முடக்கும் முன் வாரத் தவணைக்காரருக்கு 5 நாள், மற்றவர்களுக்கு 10 நாள் முன்னறிவிப்பு. பிறகு 48 மணி நேரத்துக்கு முன் இறுதி எச்சரிக்கை. முடக்கிய பின்னும் அவசரமென்றால் 24 மணி நேரம் வண்டி ஓட வழி விட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது கடன் பெட்டிக்குத்தான். ரொக்கம் கொடுத்து வாங்கியவரின் வண்டியில் மிச்சமாகக் கிடக்கும் யார்டுப் பெட்டியை அது தொடுவதில்லை.

கேட்காமல் தலையில் கட்டும் கூடுதல் சரக்குகளை எதிர்த்துக் கூட்டாட்சி அளவில் ஒரு முயற்சி நடந்தது. ஜி.பி.எஸ். என்று குறிப்பிட்டு இல்லாவிட்டாலும், 2022-இல் நேப்பிள்டன் டீலர் குழுமத்தின் மீது கூட்டாட்சி வணிக ஆணையம் எடுத்த நடவடிக்கை நிலைமையைக் காட்டும். கேட்காமலோ ஏமாற்றியோ கூடுதல் கட்டணம் வசூலிக்கப்பட்டவர்கள் வாங்கியோரில் 83 சதவீதம் என்றது ஆணையம். ஒரு கோடி டாலரில் சமரசம் ஆனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுமைக்கும் ஒரு விதி வெளியானது. வாங்குபவர் வெளிப்படையாகச் சம்மதிக்காத எதற்கும் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். டீலர்கள் சங்கம் வழக்குப் போட்டது. ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் விதியை ரத்து செய்தது. விதி தவறு என்பதால் அல்ல. முன்கூட்டி வெளியிட வேண்டிய அறிவிப்பு ஒன்றை ஆணையம் வெளியிடாமல் விட்டதால்.

இதற்குள் தொழிற்சாலைக் கருவிகள் வந்து சேர்ந்துவிட்டதால், டீலர் பெட்டி பழங்கதை ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'ஸ்மார்ட் டிரைவர்' திட்டத்தில் சேர்ந்த வண்டிகளின் ஓட்டும் பழக்கத்தைத் தகவல் நிறுவனங்களுக்கு விற்றதும், அதனால் காப்பீட்டுக் கட்டணம் ஏறியதும் 2024-இல் வெளியானது. சில வண்டிகளின் இருப்பிடம் மூன்று விநாடிக்கு ஒருமுறைகூடப் பதிவானதாக வணிக ஆணையம் சொன்னது. ஆனால் டீலர் இந்தக் கதையிலும் இருக்கிறார்: திட்டத்தில் வாடிக்கையாளரைச் சேர்த்துவிடும் விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை இருந்தது, தாங்கள் சேர்ந்ததே தெரியாது என்றார்கள் பலர். ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே கற்பனை செய்தது. தவணை தவறினால் ஏ.சி.யை அணைத்து, எரிச்சலூட்டும் ஒலி எழுப்பி, கடைசியில் வண்டி தானே ஓடிப்போய்க் கடன்காரரிடம் சரணடையும் ஏற்பாட்டுக்கு அது கேட்ட காப்புரிமை 2023-இல் வெளியாகி நகைப்புக்கு ஆளானது. செயல்படுத்தும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

சரி, வண்டியில் பெட்டி இருப்பது எப்படித் தெரியவரும்? அநேகமாகப் பேட்டரியால். நிறுத்தி வைத்த காரில் 50 மில்லி ஆம்பியர் வரை கசிவு இருப்பது இயல்பு. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காத பழுதுபட்ட கருவி 100 மில்லி ஆம்பியர் குடித்தால், 50 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் பாதியாகிவிடும். விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறவர் சாவி திருகினால் செல்ஃப் எடுக்காது. மெக்கானிக் மீட்டரை வைத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். ஸ்டீயரிங் தண்டின் கீழே இருக்கும் பேனலைக் கழற்றினால், கம்பெனி ஒயரிங்கின் மேல் சுற்றிய துணி டேப்புக்கு நடுவே வேறு நிறத்தில் ஒரு சாதாரண இன்சுலேஷன் டேப் தெரியும். அதற்குள், ஒயரைத் துளைத்துக் கவ்வும் சிறு பிளாஸ்டிக் கிளிப்புகள். அங்கிருந்து மூன்று ஒயர்கள்: ஒன்று பேட்டரிக்கு, ஒன்று இக்னிஷனுக்கு, ஒன்று எர்த்துக்கு. மறுமுனையில் பெயரில்லாத கறுப்புப் பெட்டி, பிளாஸ்டிக் டையால் கட்டியிருக்கும். ஐந்து ஒயர் இருந்தால் செல்ஃபையும் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதை வெட்டி எறிந்தால் வண்டி கிளம்பாது; வெட்டிய ஒயரை மறுபடி சேர்த்தாக வேண்டும். கண்டறிவான் மாட்டும் ஓ.பி.டி. துளைக்குப் பின்னால், ஒய் வடிவக் கிளை ஒயரில் ஒளித்திருப்பதும் உண்டு. அது கழற்ற எளிது.

இப்படிக் கிடைக்கும் பெட்டிகளில் சில செத்தவை. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 2022 பிப்ரவரியிலும் வெரைசன் அந்த ஆண்டு முடிவிலும் 3ஜி சேவையை நிறுத்தின. பழைய கருவிகளுக்கு அன்றே பேச ஆளில்லாமல் போயிற்று. நெட்வொர்க் கிடைக்காமல் தேடிக்கொண்டே பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும் பெட்டிகள் அவை.

கடன் பாக்கி இருக்கும்போது கழற்றினால் அது ஒப்பந்த மீறல் ஆகலாம்; வண்டியைத் தூக்க அதுவே சாக்காகிவிடும். கடன் முடிந்த பிறகுதான் சிக்கலே. நம்மூரில் கடைசி டியூ கட்டியதும் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து எச்.பி.யை நீக்குகிறோம், அமெரிக்காவிலும் உரிமைப் பத்திரத்திலிருந்து கடன்காரரின் பெயர் இதேபோல நீங்குகிறது. பெட்டிக்கு அப்படி ஒரு நீக்கம் கிடையாது. வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்க டீலர் கடைகளில் விற்பனையின்போது, இன்னும் செய்துதர வேண்டிய வேலைகளை எழுதும் 'வீ ஓ' என்ற தாள் இருக்கும். மிதியடி தர வேண்டும், இரண்டாவது சாவி தர வேண்டும் என்று அதில் எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன்பே, 'கண்காணிப்புக் கருவி எதுவும் இருந்தால் கழற்றித் தர வேண்டும், அதன் வரிசை எண்ணுக்குரிய கணக்கை மூடியதற்கு எழுத்து தர வேண்டும்' என்று அதில் எழுதச் சொல்லலாம். அணைத்துவிட்டோம் என்ற வாய்ச்சொல்லுக்கு இல்லாத பலம் அந்த வரிக்கு உண்டு. எழுத மறுக்கிற கடையில் வண்டி வாங்க வேண்டுமா என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய வண்டி மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போது இதுவும் பயன்படாது. ஜார்ஜியாவில் வழக்குக்கு ஆளான அந்தக் குழுமத்தின் கடைகள் 2023-இல் இழுத்து மூடப்பட்டன. அவர்கள் விற்ற கார்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றைத் தெருவோரம் 'விற்பனைக்கு' அட்டை பார்த்து வாங்குகிறவர், பெட்டியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு இப்போதைய ஏற்பாட்டில் விடை இல்லை.